காய்ந்த புல்லைப் பார்க்கும் கண்

ஓசூரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னமும் அதன் குளிர்ச்சியைப் பற்றியே பேசுகிறார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். வெள்ளைக்காரர் காலத்தில் ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் வாங்கிய ஊர். சேலம் ஜில்லாவின் கலெக்டராக இருந்த பிரெட், இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையை மனத்தில் வைத்து இங்கே ஒரு கோட்டை கட்டிக்கொண்டார் என்பது ஊரறிந்த கதை. அந்தக் கோட்டை இடிந்து போயிற்று. ஆனால் அவர்கள் கொண்டு வந்த இன்னொரு பொருள் இடியாமல் நிற்கிறது. வீட்டுக்கு முன்னால், கட்டடத்துக்கு முன்னால், கத்தரித்த பச்சைப் புல் ஒன்று விரிந்திருந்தால்தான் அது மதிப்பான இடம் என்கிற எண்ணம்தான் அது.

எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஒவ்வொன்றாக நிறுவனங்கள் வந்தன. கேழ்வரகும் கொள்ளும் மொச்சையும் விளைந்த மேட்டுநிலம் நாற்பது ஐம்பது ஆண்டுகளில் தொழில்நகரமாயிற்று. 2019இல் மாநகராட்சியும் ஆயிற்று. பெங்களூருவின் நிலவிலை எல்லை தாண்டி வழிந்தபோது, அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமும் வில்லாக் குடியிருப்புகளும் விடுதிகளும் முளைத்தன. அவற்றின் விளம்பரப் பலகைகளில் வீடு எப்படியிருந்தாலும், வீட்டுக்கு முன்னாலுள்ள புல் தவறாமல் பச்சையாக இருக்கிறது.

இந்தப் பச்சையைப் பற்றித்தான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. மார்ச் தொடங்கிக் கோடை மழை வலுக்கும் வரை புல்தரைக்கு நீர் விடுவதை நாம் நிறுத்திவிட வேண்டும். புல் காயட்டும். இருக்கிற நீர் முதலில் இளமரங்களுக்கும், அடுத்துக் கறிகாய்ப் பாத்திக்கும், மிஞ்சினால் பூச்செடிகளுக்கும் போகட்டும். இதைச் சொன்னால் தோட்டத்தின் எதிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். தோட்டத்தின் மீது பிரியம் இருப்பதால்தான் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது ஒரு லிட்டர். கோடைநாளில் பச்சை மாறாமல் நிற்க வேண்டிய புல்தரை நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவில் நீரைக் குடித்து ஆவியாக்கும். அதாவது சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர். ஆயிரம் சதுர அடிப் புல்தரைக்கு 465 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் ஒரு கிராமத்து மனிதருக்கு ஒரு நாளைக்கு வகுத்திருக்கும் அளவு 55 லிட்டர். எனவே ஒரு நடுத்தர வீட்டுப் புல்தரை எட்டுப் பேரின் குடிநீரையும் குளிநீரையும் சமையல்நீரையும் தினமும் குடிக்கிறது. ஒரு ஏக்கர் புல்தரை என்றால் 20,000 லிட்டர். 360 பேருக்கு மேற்பட்ட ஒரு சிற்றூரின் பங்கு அது. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதத்துக்குப் பெருக்கினால் பதினெட்டு லட்சம் லிட்டரைத் தாண்டுகிறது. நண்பகலில் ஸ்பிரிங்க்ளர் சுழலும்போது காற்றோடு போகும் நீரை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக எண்ணூறு மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அடியில் இருப்பது பாறை. பாறையின் வெடிப்புகளில் தேங்கிய நீரை ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சுகின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஜப்பானியக் கடனுதவியில் எழுந்து 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் குழாய் வழியாகக் காவிரி இந்த மேட்டுநிலத்துக்கு ஏறி வருகிறது.

காவிரி ஓசூருக்கு வேறொரு வழியாகவும் வருகிறது. பெங்களூரு நகரம் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரியை மேலேற்றிக் குடிக்கிறது. குடித்துக் குளித்துக் கழித்த நீரில் பெரும்பகுதி நகரின் கிழக்குச் சரிவில் இறங்கி, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது. நந்திமலைப் பகுதியில் பிறந்த ஆறு நம் எல்லைக்குள் நுழைந்து கெலவரப்பள்ளி அணைக்கு வரும்போது மதகுகளுக்குக் கீழே வெண்பஞ்சு மலைபோல நுரை எழுகிறது. அந்த நீரைத்தான் கீழேயுள்ள உழவர்கள் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். இன்னொரு பக்கம், தென்பெண்ணையின் கிளையான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய யார்கோல் அணைக்கு எதிராகத் தமிழ்நாடு தாக்கல் செய்த மனுவை 2019 நவம்பரில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்து, நடுவர் மன்றம் கேட்கும்படி சொன்னது. மேல்மடைக்காரன் நமக்குக் கொடுக்கவில்லை என்று வழக்காடுகிற நாம், நம் மடைக்குள் வந்த நீரை எதற்கு ஊற்றுகிறோம் என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

2024 கோடை இதையெல்லாம் வெளிச்சம் போட்டுக் காட்டியது. அந்த ஏப்ரல் 28ஆம் தேதி பெங்களூருவில் வெப்பம் 38.5 டிகிரியைத் தொட்டது. ஏப்ரல் மாத அளவில், 2016இல் பதிவான 39.2 டிகிரிக்கு அடுத்த உச்சம் அது. அதற்கு முந்தைய மாதமே நகரின் குடிநீர் வாரியம், தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்துச் சிலரிடம் வசூலும் செய்தது. எல்லைக்கு இந்தப் பக்கம், கிருஷ்ணகிரி மாவட்டத்து மா விவசாயிகள் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கி மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பிஞ்சு உதிர்ந்தால் ஒரு வருஷத்து வருமானம் போகும், மரமே பட்டால் ஒரு தலைமுறையின் வருமானம் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரே சாலையில் ஒரு டாங்கர் மாந்தோப்புக்கும் இன்னொன்று புல்தரைக்கும் போயின. சட்டப்படி இரண்டும் சரிதான். சட்டத்துக்கு உட்பட்டது எல்லாம் அழகாகிவிடுவதில்லை.

*

இந்த வாதத்துக்கு வரும் மறுப்புகளை நான் அறிவேன். அவற்றில் நியாயமும் உண்டு.

முதல் மறுப்பு, “நாங்கள் குடிநீரை ஊற்றவில்லை, சுத்திகரித்த கழிவுநீரைத்தான் ஊற்றுகிறோம்” என்பது. தொழிற்சாலைகளும் பெரிய குடியிருப்புகளும் சொல்வது இது. குடிநீரை ஊற்றுவதைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் சுத்திகரித்த நீரும் நீர்தான். கழிப்பறைக்கும், குளிர்விப்பு எந்திரங்களுக்கும், கட்டட வேலைக்கும் அது போனால் அவ்வளவு நல்ல நீர் ஆழ்துளைக் கிணற்றில் மிஞ்சும். அதோடு, அந்த நீரில் உப்பு அதிகம். மழையில்லாத மாதங்களில் தினமும் ஊற்றினால் நீர் ஆவியாகி உப்பு மண்ணில் தங்குகிறது. இலைநுனி கருகுவதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஊற்றுவார்கள். நோய்க்குக் காரணமானதையே மருந்தாகக் கொடுப்பது போன்றது அது.

இரண்டாவது, பசுமை வளையம் பற்றியது. சுற்றுச்சூழல் அனுமதி பெறும் ஆலைகள் மூன்றில் ஒரு பங்கு நிலத்தைப் பசுமைக்கு ஒதுக்க வேண்டும் என்பது நெடுங்காலம் நடைமுறையில் இருந்த நிபந்தனை. அதன் நோக்கம் தூசியையும் இரைச்சலையும் வெப்பத்தையும் தடுப்பது. தூசியைத் தடுப்பது மரம். விரலளவு உயரப் புல் எந்தத் தூசியைத் தடுக்கும்? பசுமை என்ற சொல்லுக்கு மரம் என்று பொருள் கொள்ளாமல் நிறம் என்று பொருள் கொண்டதன் விளைவே பல வளாகங்களில் நாம் காண்பது. புல் மூன்று மாதத்தில் படத்துக்கு நிற்கும். புங்கன் கன்று நிழல் தர ஆண்டுகள் ஆகும்.

மூன்றாவது, புல்தரை வெப்பத்தைத் தணிக்கிறது என்பது. உண்மை. சிமெண்டுத் தளத்தைவிடப் புல் குளிர்ந்தது. ஆனால் அந்தக் குளிர்ச்சியை அது நீரை ஆவியாக்கித்தான் தருகிறது. மரமோ அதையும் செய்து, நிழலையும் தருகிறது. புல்லின் மேல் நிற்கிறவன் தலையில் வெயில் அப்படியே இறங்குகிறது. செலவழித்த ஒரு குடம் நீருக்கு மனிதனுக்குக் கிடைத்த சுகம் எவ்வளவு என்று கேட்டால் மரமே வெல்லும்.

நான்காவது மறுப்புதான் கனமானது. தோட்டக்காரர்களின் பிழைப்பு என்னாவது? இவர்களில் பலர் சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒப்பந்தக்காரர் வழியாக வருகிறவர்கள். மானாவாரி நிலம் கைகொடுக்காதபோது இந்த வேலைதான் சோறு போடுகிறது. புல்லுக்கு நீர் விடுவதை நிறுத்தினால் ஆளைக் குறைப்பார்கள் என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் கோடையில் தோட்டத்துக்கு வேலை இல்லாமல் போவதில்லை. பாத்தி கட்ட வேண்டும், மூடாக்கு இட வேண்டும், மழைக்கு முன் குழி எடுக்க வேண்டும், கன்றுக்கு நிழல் கட்ட வேண்டும். ரப்பர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட இவற்றுக்குத் திறமை அதிகம் வேண்டும். அந்தத் திறமை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரிடம், புல் செத்துவிட்டதா என்று ஒருமுறை கேட்டேன். “சாவலைங்க சார், தூங்குது. மழை விழுந்தா எந்திரிச்சிக்கும்” என்றார். தாவரவியல் இதற்குமேல் அதிகமாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

*

உண்மையில் புல்லைப் பற்றி நம் முன்னோர் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். மணமக்களை வாழ்த்தும்போது ஆலைப்போல் தழைக்கவும் அருகைப்போல் வேரூன்றவும் சொல்வது நம் வழக்கு. அருகின் பெருமையாக அவர்கள் கண்டது அதன் வேரை. பெர்முடா புல் என்று உலகெங்கும் விளையாட்டுத் திடல்களில் வளர்க்கப்படுவது நம் அருகம்புல்தான். வெயிலும் வறட்சியும் அதற்குப் புதிதல்ல. நீர் குறையும்போது மேலேயுள்ள இலையைக் கைவிட்டு, உயிரைக் கணுவிலும் நிலத்தடித் தண்டிலும் வைத்துக்கொண்டு காத்திருக்கும். பழுப்பு நிறம் அதன் பிழைக்கும் வழி. அந்த நேரத்தில் தினமும் மேலாகத் தெளிக்கும் நீர்தான் அதற்குக் கெடுதல். வேர் மேல்மண்ணிலேயே சோம்பிக் கிடக்கும். குழாய் ஒரு வாரம் நின்றால் ஒரேயடியாகப் பட்டுவிடும்.

ஆகவே புல்லைக் காயவிடுவதிலும் முறை உண்டு. பிப்ரவரி முதலே நீர் விடும் இடைவெளியைக் கூட்ட வேண்டும். தினமும் கொஞ்சம் என்பதை விட்டு, ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை மண் ஒரு சாண் ஆழம் நனையும்படி. ஒட்ட வெட்டக் கூடாது. ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், வழக்கத்தைவிட உயரமாக விட்டால் புல்லே மண்ணுக்கு நிழலாகும். யூரியாவைக் கோடையில் தொடவே வேண்டாம். அது இல்லாத நீரைக் கேட்டு வளர்ச்சியைத் தூண்டும். பழுத்துவிட்ட பிறகு அதன்மேல் நடமாட்டத்தைக் குறைத்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கணுக்கள் வற்றாத அளவுக்கு நனைத்தால் போதும். விரித்த கம்பளமாக வாங்கி வந்த வேற்றுப் புல்லால் இதைத் தாங்க முடியவில்லையென்றால், அது இந்த ஊர்ப் புல் அல்ல என்று பொருள். அடுத்த மழையில் அந்த இடத்தில் அருகை நடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 2015இல் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சியின்போது ஐந்து கோடி சதுர அடிப் புல்தரையை அகற்ற ஆளுநர் ஆணையிட்டார். மக்கள் புல்லுக்கு நீரை நிறுத்தினார்கள். புல்தரை நடுவே நின்று, புல்லுக்கு ஊற்றிய நீரிலேயே வளர்ந்திருந்த மரங்களும் சேர்ந்து வாடத் தொடங்கின. புல்லை நிறுத்துகிறவர்கள் மரத்துக்குத் தனியாக நீர் விட வேண்டும் என்று பிறகு அதிகாரிகள் சொல்ல வேண்டியிருந்தது. நெவாடா மாநிலம் 2021இல் சட்டமே இயற்றியது. லாஸ் வேகாஸ் பகுதியில் யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்று நீர் கிடையாது. அமெரிக்காவில் பாசனம் பெறும் பயிர்களில் பரப்பில் முதலிடம் புல்தரைக்கே என்று, செயற்கைக்கோள் படங்களை வைத்து கிறிஸ்டினா மிலேசி குழுவினர் 2005இல் மதிப்பிட்டார்கள். புல்தரை மோகத்தை உலகுக்குப் பரப்பிய நாடே திரும்பி நடக்கும் காலத்தில் நாம் அந்தத் திசையில் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

மரத்துக்கு நீர் விடுவதிலும் பழக்கப்பிழை ஒன்று உண்டு. எல்லோரும் அடிமரத்தில் ஊற்றுகிறார்கள். நீர் குடிக்கும் வேர்நுனிகள் கிளைகளின் விளிம்புக்கு நேர் கீழே, அதையும் தாண்டி இருக்கின்றன. அங்கே வட்டப்பாத்தி கட்டி, வாரம் ஒருமுறை இளங்கன்றுக்கு இரண்டு குடம் மெதுவாக இறங்கவிட வேண்டும். பாத்தியின் மேல் நான்கு விரற்கடைக்குச் சருகோ தென்னைநார்க் கழிவோ கரும்புத்தோகையோ மூடாக்காக இடலாம். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே இட வேண்டும். இல்லாவிட்டால் கறையானுக்கு விருந்து. சுடாத சாயமில்லாத மண்பானை என்று தேட வேண்டாம், சாதாரணக் குயவர் பானையே போதும்; கன்றுக்கு அருகில் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி வாயை மூடிவிட்டால், வேர் கேட்கும் அளவுக்குக் கசிந்துகொண்டிருக்கும். நீர் விடும் வேளை விடியலுக்கு முன், அல்லது வெயில் தாழ்ந்த பின். நண்பகலில் இலை தொங்கினால் உடனே குழாயைத் திறக்க வேண்டியதில்லை. மாலையில் தானாக நிமிர்ந்தால் அது வெயிலுக்குக் கொடுத்த வணக்கம். காலையிலும் தொங்கினால்தான் தாகம். மண்ணில் விரலை நுழைத்துப் பார்ப்பதைவிட நல்ல கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள நாம் வெளியே போக வேண்டியதுமில்லை. ஓசூரைச் சுற்றிப் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்க்கிறவர்கள் சொட்டுநீர்க் குழாயில் ஒவ்வொரு செடிக்கும் அளந்து விடுகிறார்கள். காதலர் தினத்துக்குக் கடல் கடந்து போகும் பூவே அளவுச் சாப்பாட்டில் வளரும்போது, யாரும் பறிக்காத, யாரும் மேய்க்காத, பல இடங்களில் யாரும் மிதிக்கவும் கூடாத புல்லுக்கு அளவில்லாத விருந்து எதற்கு?

*

கடைசியில் இது கண்ணைப் பற்றிய விஷயம். காய்ந்த புல்லை ஏழ்மையாகவும் அசிரத்தையாகவும் பார்க்க நம் கண் எங்கோ பழகிக்கொண்டது. நம் வீடுகளின் முன்புறத்து அழகு புல்லாக இருந்ததில்லை. பெருக்கிச் சாணம் தெளித்துக் கோலமிட்ட வாசலாக இருந்தது. மண் மண்ணாகத் தெரிவதில் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. பாலைக்கென்று தனி நிலமில்லை, முல்லையும் குறிஞ்சியும் கோடையில் திரிந்தே பாலையாகின்றன என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மேட்டுநிலம்தான் நினைவுக்கு வரும். குன்றும் காடும் சேர்ந்த நிலம் இது. மூன்று மாதம் பாலையாகி, மழையில் மறுபடி முல்லையாகும். பாலையையும் ஒரு திணையாக ஏற்று, அதற்கொரு பண்ணும் பூவும் மரமும் வகுத்த மரபில் வந்தவர்கள், கோடையை மறைக்கப் பச்சைக் கம்பளம் தேடுகிறோம்.

கோடைக்கென்று அழகில்லையா? ஏப்ரலில் புங்கமரம் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஊரே காயும்போது அது மட்டும் வார்னிஷ் பூசியதுபோல் தளிர்க்கும். வேம்பு பூத்து உதிரும். சரக்கொன்றை இலையை உதிர்த்துவிட்டு மஞ்சளாகத் தொங்கும். இவற்றில் எதற்கும் ஸ்பிரிங்க்ளர் தேவைப்பட்டதில்லை.

மாநகராட்சியும் தொழிற்பேட்டையும் குடியிருப்புச் சங்கங்களும் சேர்ந்து, மார்ச் முதல் நாளிலிருந்து கோடை மழை வரை அலங்காரப் புல்லுக்கு நீர் இல்லை என்று முடிவு செய்தால் போதும். அபராதம்கூட வேண்டாம். ஒருவர் வாசலில் மட்டும் புல் காய்ந்தால்தான் அவமானம். எல்லார் வாசலிலும் காய்ந்தால் அது பருவம். மிச்சமாகும் நீரில் ஒவ்வொரு வளாகமும் நூறு கன்றுகளைக் கோடை தாண்ட வைக்கலாம். ஜூன் மழையில் எழாத அருகை நான் பார்த்ததில்லை. ஏப்ரலில் பட்டுப்போன மாங்கன்றுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவை எந்த மழைக்கும் எழுந்ததில்லை.